டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்: ஒரு மகப்பேறு மருத்துவரின் வாழ்வும், பேறுகால மருந்துகள் இரத்த அழுத்தத்தில் செய்யும் மாற்றமும்

தோவாளை வட்டத்தில் வாழும் உங்களுக்கு, பேறுகால வலி எடுத்தால் எங்கே செல்வது என்பது இன்று பெரிய கேள்வியாக இராது. வட்டத் தலைமையிடமான பூதப்பாண்டியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை தேவையானால் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அப்போது தோவாளை திருவிதாங்கூர் அரசின் தென்கோடி வட்டங்களுள் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது. அரசின் தலைமைப் பெண்கள் மருத்துவமனை திருவனந்தபுரத்தில் தைக்காடு என்னுமிடத்தில் இருந்தது. தோவாளையிலிருந்து அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதே 1979-இல்தான். நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷன் மருத்துவமனைகள் இருந்தன என்றாலும், பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே, ஊர் மருத்துவச்சியின் கையால் நிகழ்ந்தன.

அந்தத் தைக்காடு மருத்துவமனைக்கு 1916-இல் பொறுப்பேற்று வந்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பின்னாளில் தோவாளை உட்பட திருவிதாங்கூர் முழுமைக்குமான மருத்துவத் துறையின் தலைமைப் பதவியை அவர் வகித்தார். இப்பக்கம் அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது. அவருடைய பணிக்காலத்தில் மகப்பேறு மருத்துவத்துக்குள் வந்து, இன்றும் உங்கள் பிரசவ அறையில் பயன்படும் மருந்துகள் இரத்தக் குழாய்களை என்ன செய்கின்றன என்பதையும் அதனூடே விளக்குகிறது. கர்ப்பிணியாகிய நீங்களும், உங்களுடன் மருத்துவமனைக்கு வரும் தாயோ கணவரோ மாமியாரோ நாத்தனாரோ இதைப் படித்திருப்பது நன்று. ஏனெனில், இம்மருந்துகளைக் கொடுக்கும்முன் மருத்துவர் கேட்கும் சில கேள்விகளுக்கு விடை, வலியில் இருக்கும் பெண்ணைவிட உடன் வந்தவருக்கே அப்போது நினைவில் இருக்கும்.

கல்லூரிக் கதவும் கடல் பயணமும்

மேரி 1886 ஆகஸ்ட் 2 அன்று கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் பிறந்தார். தந்தை டாக்டர் டி. இ. புன்னன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. அரண்மனை மருத்துவராகவும் இருந்தவர். ஒரே மகளான மேரியைத் தாயாரின் உடல்நலக் குறைவு காரணமாக ஆங்கிலேயச் செவிலித்தாயர் வளர்த்தனர். திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் பள்ளியில் படித்துத் தேறிய அவர், மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் கேட்டு விண்ணப்பித்தார். பெண் என்பதால் அறிவியல் மறுக்கப்பட்டது. வரலாறு படிக்க மட்டும் இடம் கிடைத்தது. 1909-இல் அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார்.

வரலாற்றுப் பட்டத்துடன் ஒருவர் மருத்துவராவது எளிதன்று. அவர் லண்டன் சென்று, அடிப்படையிலிருந்து தொடங்கி, 1915-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி., பி.எஸ். பட்டம் பெற்றார். கேரளப் பகுதியிலிருந்து மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1745-இல் மகப்பேற்றுக்கென்றே தொடங்கப்பட்ட ரொட்டண்டா மருத்துவமனையில் பெண்கள் மருத்துவமும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் பயின்றார்.

அவர் மாணவியாக இருந்த காலத்தை மருத்துவக் கண்ணோடு பாருங்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-இல் அறிவித்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலியைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் கணிக்கும் முறையை ரஷ்யாவின் கொரட்காவ் 1905-இல் வெளியிட்டார். இன்று கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் வீட்டு வாசலில் இரண்டு நிமிடத்தில் செய்துவிடும் அந்தச் சோதனை, மேரி கல்லூரியில் இருந்தபோது சில ஆண்டுகளே வயதான புதுமை. கர்ப்பிணிக்கு வலிப்பு வருமுன் இரத்த அழுத்தம் உயர்கிறது என்பதை எண்ணாகக் காண அதற்கு முன் எளிய வழி இருக்கவில்லை.

அதே ஆண்டுகளில், அதே லண்டனில், இன்னொரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றி டேல் என்பவர் 1906-இல், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் குறிப்பிட்டார். அச்சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது 1895-லேயே தெரிந்திருந்தது. ஒரே சாறு இரண்டையும் செய்தது. இந்த இரட்டைத் தன்மைதான் பேறுகால மருந்துகள் பலவற்றின் அடிப்படைச் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள, பிரசவத்தின்போது கருப்பைக்குள் நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

கருப்பையின் தசையும் குழாயின் தசையும்

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்தில் எண்ணற்ற இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. அவற்றை மூடுவது கருப்பையின் தசைநார்களே. அவை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவே செல்லும் குழாய்களை இறுக்கிப் பிடிக்கின்றன. கருப்பை சுருங்கிக் கெட்டியானால் உதிரப்போக்கு நிற்கிறது. தளர்ந்து கிடந்தால் நிற்பதில்லை. பிரசவம் முடிந்த பின்னும் செவிலியர் உங்கள் அடிவயிற்றை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது, கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று அறியத்தான். அது சிறிது வலித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய சோதனை.

இயல்பாகவே கருப்பை சுருங்கும் என்றாலும், எல்லாப் பெண்களுக்கும் அது போதிய அளவு நிகழ்வதில்லை. ஆகவே, குழந்தை பிறந்தவுடன் கருப்பையைச் சுருக்கும் மருந்து ஒன்றை எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுப்பது இன்றைய நடைமுறை.

சிக்கல் இங்கேதான். கருப்பையின் சுவரில் இருப்பது நாம் நினைத்து இயக்க முடியாத, தானே இயங்கும் வகைத் தசை. உடலெங்கும் ஓடும் தமனிகளின் சுவரில் இருப்பதும் அதே வகைத் தசையே. ஒரு மருந்து இவ்விரண்டையும் சேர்த்துச் சுருக்கினால், கருப்பையில் உதிரம் நிற்கும். அதே நேரத்தில் தமனிகள் குறுகி இரத்த அழுத்தம் ஏறும். வேறொரு மருந்து கருப்பையைச் சுருக்கிக்கொண்டே தமனிகளைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கும். நலமாக உள்ள பெண்ணின் உடல் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அழுத்தம் உயர்ந்த பெண்ணுக்கோ, இதய வால்வில் குறையுள்ள பெண்ணுக்கோ, உதிரம் மிகுதியாக இழந்த பெண்ணுக்கோ அப்படி எளிதில் தாங்க முடியாது.

தைக்காட்டில்

தந்தை காலமான 1916-ஆம் ஆண்டிலேயே மேரி தாயகம் திரும்பினார். தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகவும் கண்காணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டு வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸை மணந்தார். அவர் பின்னாளில் திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியானவர்.

கட்டில்கள் இருந்தன, மருத்துவர் இருந்தார், ஆனால் பிரசவத்துக்குப் பெண்கள் வரத் தயங்கினர். அயலார் கையில், அயல் கட்டிலில் பிள்ளை பெறுவது அச்சத்துக்குரியதாக இருந்தது. மேரி தம் முதற் குழந்தையை அதே மருத்துவமனையில் பெற்றெடுத்தார் என்றும், மக்களின் அச்சத்தைப் போக்குவதே அதன் நோக்கம் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அரண்மனை மருத்துவரின் மகளுக்கு வீட்டிலேயே எல்லா வசதியும் கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் அந்த முடிவின் கனம் விளங்கும்.

ஊர் மருத்துவச்சிகள் இந்தப் புதிய மருத்துவமனையைத் தங்கள் பிழைப்புக்குப் போட்டியாகக் கருதியது இயல்பே. 1918-இல் மேரி ஒரு வழி கண்டார். மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். தலைமுறையாக வந்த தொழில் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அதே சமயம் பயிற்சி பெற்ற கை ஊருக்குள் சென்றது. அவருடைய பணிகளுள் அதிக உயிர்களைத் தொட்டது இதுவே என்பது இப்பக்கத்தின் கருத்து. பதவிகளின் பட்டியலில் இது பெரும்பாலும் ஒரு வரியாகவே கடந்துவிடுகிறது.

பயிற்சி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அக்காலத்து மருந்துகளைப் பார்த்தால் உணரலாம். உலகெங்கும் மகப்பேறு மருத்துவர்களின் கையில் அப்போது இருந்தவை முதன்மையாக இரண்டு.

ஒன்று எர்காட். ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் கதிரில் மணிக்குப் பதிலாக வளரும் கருநிறப் பூஞ்சை அது. நம் ஊர்க் கம்பங்கதிரில் வரும் தேன் ஒழுகல் நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பூஞ்சையால் வருவதே. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பூஞ்சை கலந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கை கால்கள் தீப்பட்டதுபோல் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தன. தமனிகள் இறுகி இரத்தம் செல்லாமற் போனதே காரணம். அதே பூஞ்சையைச் சிறிய அளவில் அந்நாட்டு மருத்துவச்சிகள் பிரசவத்தை விரைவுபடுத்தக் கொடுத்து வந்தனர். 1808-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டெர்ன்ஸ் அதைப் பற்றி எழுதிய பின் மருத்துவர்களும் கையாண்டனர். சில ஆண்டுகளிலேயே தீமை வெளிப்பட்டது. எர்காட் கொடுத்த கருப்பை, விட்டு விட்டுச் சுருங்காமல் இறுகியே நின்றது. உள்ளேயிருந்த குழந்தைகள் மூச்சின்றி மடிந்தன. சில வேளைகளில் கருப்பையே கிழிந்தது. எனவே, குழந்தை வெளியே வந்த பிறகு உதிரப்போக்கைத் தடுக்க மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும் என்னும் விதி பிறந்தது. அந்த விதி இன்றும் மாறவில்லை.

மற்றொன்று டேல் குறிப்பிட்ட பிட்யூட்டரிச் சாறு. 1909-இல் இங்கிலாந்தின் பிளேர் பெல் அதைப் பெண்களுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்ட பின் அது ஊசி மருந்தாகப் பரவியது. கருப்பை சுருங்கியது உண்மையே. அத்துடன் இரத்த அழுத்தமும் ஏறியது. அளவு மிகுந்தால் இதயத்துக்குச் செல்லும் குழாய்களும் குறுகின. ஒரே குப்பியில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருந்ததை அப்போது எவரும் பிரித்தறியவில்லை.

1920-இல் மேரி சிசேரியன் அறுவை சிகிச்சை செய்தார். கேரளத்தில் நடந்த முதல் சிசேரியன் அது என்பர். இன்று சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடப்படுகிறது. அதனால் நீங்கள் விழித்திருப்பீர்கள்; குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பீர்கள். ஆனால் இந்த ஊசியும் இரத்தக் குழாய்களைத் தொடுவதே. இடுப்புக்குக் கீழுள்ள குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளை அது மரத்துப்போகச் செய்கிறது. குழாய்கள் விரிய, இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சில நிமிடங்களில் இறங்கலாம். குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தால் உடனே மயக்க மருத்துவரிடம் கூறுங்கள். அவர் அதை எதிர்பார்த்தே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியிருப்பார். உங்களைச் சற்றே இடப்புறம் சாய்த்திருப்பார். குழாய்களை மீண்டும் இறுக்கும் மருந்தையும் தயாராக வைத்திருப்பார். கையில் கட்டிய பட்டை அடிக்கடி இறுகித் தளர்வதும் இதற்காகவே.

ஒரு குப்பி இரண்டானது

மேரியின் பொதுவாழ்வு விரைவாக விரிந்தது. 1922-இல் திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அங்கு இடம்பெற்ற முதல் பெண்ணானார். 1924-இல் மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சியில் தர்பார் மருத்துவர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1938-இல் சர்ஜன் ஜெனரலானார். உலகிலேயே அப்பதவியை வகித்த முதல் பெண் என்று அவரைக் கூறுவதுண்டு. அமெரிக்காவில் ஒரு பெண் சர்ஜன் ஜெனரலானது 1990-இல். அவர் பொறுப்பில் 32 அரசு மருத்துவமனைகளும், 40 அரசு மருந்தகங்களும், 20 தனியார் நிறுவனங்களும் இருந்தன. நாஞ்சில் நாட்டார்க்கு அவர் விட்டுச்சென்ற நேரடியான கொடை, நாகர்கோவிலில் அவர் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. இந்தியாவில் அவ்வகையில் முன்னோடியானவற்றுள் அது ஒன்று. திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே மற்றும் ரேடியம் நிலையமும் அவர் முயற்சியே.

அவர் நிர்வாகத்தில் ஆழ்ந்திருந்த அதே ஆண்டுகளில் பிரசவ அறையின் மருந்துகள் தெளிவடைந்தன. 1928-இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலிவர் காம் குழுவினர் பிட்யூட்டரிச் சாற்றை இரண்டாகப் பிரித்தனர். கருப்பையைச் சுருக்கும் பகுதி ஆக்ஸிடோசின். இரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் பகுதி வாசோபிரஸின். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினைச் செயற்கையாகத் தயாரித்து, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் தூய ஆக்ஸிடோசின் கிடைத்தது.

இதனால் உங்களுக்கு என்ன பயன்? உங்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலும் ஆக்ஸிடோசின் கொடுக்கலாம். அழுத்தத்தை ஏற்றும் பகுதி அதில் இல்லை. குழந்தை பிறந்தவுடன் 10 அலகு ஆக்ஸிடோசினைத் தசையில் ஊசியாகவோ நரம்பு வழியாகவோ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும், இதுவே முதல் தேர்வாக இருப்பதும் அதன் பயனும் பாதுகாப்பும் கருதியே. ஆயினும் இது இரத்தக் குழாய்களைத் தொடாத மருந்து என்று எண்ண வேண்டாம். நரம்பில் ஒரே மூச்சில் விரைவாகச் செலுத்தினால் குழாய்கள் விரிந்து அழுத்தம் சட்டென இறங்கும், இதயம் படபடக்கும். அதனால்தான் நரம்பில் செலுத்தும்போது மெதுவாகவும், சொட்டுச் சொட்டாகவும் கொடுக்கின்றனர். சொட்டு மருந்தின் வேகத்தை உடனிருப்பவர் தாமாகத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வலி வரவில்லை, சீக்கிரம் பிரசவமாகட்டும் என்று வீட்டிலோ, தகுதியற்றவரிடமோ ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்தானது. எர்காட்டைப் போலவே அதுவும் அளவு மீறினால் குழந்தையின் மூச்சை அடைக்கும், கருப்பையைக் கிழிக்கும்.

எர்காட்டின் கதை 1935-இல் முடிச்சவிழ்ந்தது. லண்டனில் ஜான் சாஸர் மாயர் என்னும் மகப்பேறு மருத்துவரும் ஹெரால்டு டட்லி என்னும் வேதியியலாரும் சேர்ந்து, எர்காட்டில் கருப்பையை விரைந்து சுருக்கும் பொருளைத் தனியே பிரித்தனர். அதுவே எர்கோமெட்ரின். நரம்பில் செலுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் கருப்பை கெட்டியாகிறது. பெருகும் உதிரத்தைக் கண்டு கைபிசைந்து நின்ற மருத்துவர்களுக்கு அது கிடைத்தற்கரிய கருவியாக அமைந்தது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் எர்கோமெட்ரின் இன்றும் நம் மருத்துவமனைகளில் உள்ளது.

ஆனால் பூஞ்சை ரொட்டியில் இருந்த குணம் இதில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மெத்தில் எர்கோமெட்ரின் தமனிகளையும் சுருக்கும். இயல்பான அழுத்தம் உள்ள பெண்ணுக்கு அது பெரும்பாலும் தலைவலி, வாந்தி என்ற அளவில் நின்றுவிடும். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்த பெண்ணுக்கோ, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறி, வலிப்பு வரலாம்; மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம்; இதயத்தின் குழாய்கள் குறுகி மார்வலி வரலாம். ஆகவே உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இதைத் தவிர்த்து வேறு மருந்து தருகின்றனர்.

அந்த வேறு மருந்துகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. மிசோப்ரோஸ்டால் மாத்திரை அழுத்தத்தைப் பெரிதாக மாற்றாது. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் தரும். அந்த நடுக்கத்தைக் கண்டு ஜன்னி என்று அஞ்ச வேண்டாம். எனினும் செவிலியரிடம் கூறுங்கள். கார்போப்ரோஸ்ட் ஊசி மூச்சுக்குழாய்களையும் இறுக்குவதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தருவதில்லை. அது அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். டிரானெக்ஸாமிக் அமிலம் கருப்பையைச் சுருக்கும் மருந்தே அன்று. உறைந்த இரத்தக் கட்டி கரையாமல் காக்கிறது. பேறு நிகழ்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தருகிறது.

அழுத்தம் உயர்ந்தவர்க்கு

கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம். 160/110-ஐ எட்டினால் உடனடிச் சிகிச்சை தேவை. லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில் டோபா ஆகியவை கர்ப்பகாலத்தில் பயன்படுபவை. குழாய்களைத் தளர்த்தியோ, அவற்றை இறுக்கும் நரம்புத் தூண்டலைக் குறைத்தோ அவை அழுத்தத்தை இறக்குகின்றன. கர்ப்பத்துக்கு முன்பே அழுத்த மாத்திரை சாப்பிட்டவராயின், அதையே தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எனலாப்ரில் போன்ற சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே வேளை, நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

வலிப்பு வந்தவர்க்கும், வரும் அறிகுறி உள்ளவர்க்கும் மெக்னீசியம் சல்பேட் தருகின்றனர். வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் பிற மருந்துகளைவிட இதுவே மேல் என்று, இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று 1995-இல் நிலைநாட்டியது. இது குழாய்களைத் தளர்த்துவதால் உடலெங்கும் வெப்பம் பரவுவதுபோல் தோன்றும், முகம் சிவக்கும். அளவு மிகுந்தால் மூச்சைத் தளர்த்தும் என்பதால், முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும் இடையறாது நடக்கும். உடனிருப்பவர் இதைத் தொந்தரவாக எண்ணித் தாயைத் தூங்க விடுமாறு கேட்க வேண்டாம்.

மருத்துவமனையில் சேரும்போதே நீங்கள் கூற வேண்டியவை இவை: இந்தக் கர்ப்பத்திலோ முந்தையதிலோ அழுத்தம் உயர்ந்ததா, வலிப்பு வந்ததா, முந்தைய பிரசவத்தில் உதிரம் மிகுதியாகப் போயிற்றா, இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, ஒற்றைத் தலைவலிக்கு எர்கோடமின் மாத்திரை சாப்பிடுவதுண்டா, அன்று வேறு எந்த மருந்தோ நாட்டு மருந்தோ உட்கொண்டீர்களா. தாய் சேய் நல அட்டையில் இவற்றுள் பல எழுதப்பட்டிருக்கும். மலர்ச்சந்தைக்கு விடியுமுன் புறப்படும் குடும்பங்களில் அட்டை ஓரிடத்தில், கர்ப்பிணி ஓரிடத்தில் என்று ஆகிவிடுவதுண்டு. எட்டாம் மாதம் முதல் அட்டை எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும். இப்பக்கம் பொதுவான விளக்கமே. உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்வார்.

பிரசவத்தோடு அழுத்தம் சீராகிவிடும் என்று நம்பி வீடு திரும்புவோர் பலர். பெரும்பாலோருக்கு நாளடைவில் சீராவது மெய்யே. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அழுத்தம் மீண்டும் ஏறுவது வழக்கம். தாய் வீட்டில் இருக்கும் நாள்கள் அவை. கர்ப்பகாலத்தில் அழுத்தம் இயல்பாக இருந்த பெண்ணுக்கும் பேற்றுக்குப் பின் புதிதாக ஏறலாம். ஆறு வாரம் வரை விழிப்பு வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறத்தல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல், முகவீக்கம் ஆகியவற்றுள் எதுவாயினும் தூக்கமின்மை என்றோ பத்தியக் குறைவு என்றோ ஒதுக்காமல் 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.

குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்றத் தரப்படும் புரோமோகிரிப்டின் மாத்திரையும் எர்காட் வழி வந்ததே. அழுத்தம் உயர்ந்திருந்த பெண்ணுக்கு அது தீங்கு செய்யக்கூடும். துயரத்தின் நடுவே எவரும் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்காமல், அழுத்தம் இருந்ததைக் கூறி மருத்துவரிடம் கேட்க வேண்டியவர் உடனிருப்பவரே.

பிற்காலம்

கணவர் 1947-இல் மறைந்தார். மருத்துவராகித் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மகள் கிரேசி 1954-இல் காலமானார். அயல்நாட்டுத் தூதுவராகப் பணியாற்றிய மகன் 1975-இல் மறைந்தார். அதே ஆண்டில் மேரிக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976 அக்டோபர் 2 அன்று, 90-ஆம் வயதில் அவர் காலமானார்.

தைக்காட்டில் அவர் பொறுப்பேற்ற மருத்துவமனை இன்றும் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையாகவே இயங்குகிறது. தோவாளைப் பெண்கள் பேறுகாலத்துக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீடு திரும்பிய பின் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கிராம சுகாதாரச் செவிலியர் உங்களைப் பார்க்க வரும்போது, குழந்தையின் எடையைப் பார்த்த பிறகு உங்கள் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கவும் கேளுங்கள். அந்த எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வர இயலவில்லையெனில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஐயமிருப்பின் 104 என்னும் எண்ணில் சுகாதார ஆலோசனை கிடைக்கும்.